ஒரு வீட்டுக்கு ஒரு ரவுட்டர் போதும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை முடிந்து அலைச்சல் ஓயும்வரை உட்கார்ந்து எழுத நேரம் அமையவில்லை. இப்போது நன்றாகப் பார்வை தெரிகிறது. உன் கடிதத்தையே வாங்கிப் படித்துவிட்டு, "அவன் கையெழுத்து மாறவே இல்லை" என்றார்கள்.

உன் மகளுக்கு வேலை கிடைத்தது எனக்கே கிடைத்த மாதிரி இருக்கிறது. வீட்டிலிருந்தே வேலை என்பதால் புது ரவுட்டர் வாங்கிவிட்டாய், சரி. ஏற்கெனவே இணைப்புக் கொடுத்தவர்கள் வைத்துவிட்டுப் போன பெட்டியும் இருக்கிறது. இரண்டில் எதை பிரிட்ஜ் மோடில் (ரவுட்டர் வேலையை விட்டு வெறும் பாலமாக) போடுவது, எதை ரவுட்டர் மோடில் விடுவது என்று கேட்டிருக்கிறாய். நான் இதில் நன்றாக அடிபட்டவன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்தப் பழைய பெட்டியை எல்லாரும் மோடம் என்கிறோம். ஆனால் ரவுட்டரும் அதற்குள்ளேயே இருக்கிறது. வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஐபி முகவரி (வலையில் அதை அடையாளம் காட்டும் எண்) கொடுப்பது, வெளியே போகும்போது எல்லாவற்றையும் ஒரே பொது முகவரிக்குள் அடக்குவது (இதற்கு நேட் என்று பெயர்), கேட்காமல் வருவதை வாசலிலேயே நிறுத்துவது எல்லாம் அதன் வேலை. புது ரவுட்டரும் அதே வேலைக்குத்தான் பிறந்தது. பழையதிலிருந்து ஒரு கேபிளை எடுத்து புதியதன் வான் போர்ட்டில் (WAN, வெளி இணைப்புக்கான துளை) சொருகினால், ஒரே வீட்டுக்கு இரண்டு வாசல், இரண்டு காவலாளி. இதைத்தான் டபுள் நேட் என்கிறார்கள். இதில் மோசம் என்னவென்றால், இணையம் ஓடும். வீடியோ ஓடும். அதனால் தப்பு நடப்பதே தெரியாது.

எனக்குத் தெரிந்தது பிரிண்டரால். அது புது ரவுட்டரின் வைஃபையில் இருந்தது. முன்னறையில் மனைவியின் லேப்டாப் பழைய பெட்டியின் வைஃபையில் இருந்தது. பிரிண்டரை மேசையில் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு, அது இல்லவே இல்லை என்றது லேப்டாப். டிரைவரை நான்கு முறை அழித்து ஏற்றினேன். கடைசியில் புது ரவுட்டரோடு இணைந்த என் கணினியில் டிரேஸ்ரூட் (தகவல் எந்தெந்தப் பெட்டி வழியாக வெளியே போகிறது என்று வரிவரியாகக் காட்டும் கட்டளை) ஓட்டினேன். முதல் வரி 192.168.0.1, இரண்டாவது வரி 192.168.1.1. இரண்டுமே வீட்டுக்குள் புழங்கும் முகவரிகள். அந்த இரண்டு வரியைப் பார்த்ததும் எல்லாம் புரிந்துவிட்டது. நீயும் முதலில் இதைச் செய்து பார்.

ஆகவே முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான்: யார் ரவுட்டர்? ஒன்று அந்த வேலையைச் செய்தால் மற்றது ஒதுங்க வேண்டும். பழையது ஒதுங்கினால் அதுதான் பிரிட்ஜ் மோட். வருவதை அப்படியே புதியதன் கையில் கொடுத்துவிடும். புதியது ஒதுங்கினால் அது ஆக்சஸ் பாயின்ட் மோட். வைஃபை மட்டும் கொடுக்கும்.

உனக்கு நான் சொல்வது இரண்டாவது வழி. உன் வீட்டு லேண்ட்லைன் அந்தப் பழைய பெட்டியில்தான் சொருகியிருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். பிரிட்ஜில் போட்டால் பல பெட்டிகளில் தொலைபேசி ஊமையாகிவிடும். உனக்கு வேண்டியதோ மாடியில் நல்ல சிக்னல். மகளின் அலுவலக விபிஎன் (தூரத்திலுள்ள வலையோடு சேர்க்கும் பாதுகாப்பான இணைப்பு) ஆக்சஸ் பாயின்ட் வழியாகவே தடையில்லாமல் போகும். புது ரவுட்டரின் அமைப்பில் அந்த மோடைத் தேர்ந்தெடு, பழைய பெட்டியின் வைஃபையை அணைத்துவிடு. ஒன்றை மட்டும் இழப்பாய்: புதியதிலுள்ள ஃபயர்வால் என்ற காவல், பிள்ளைகளுக்கான கட்டுப்பாடு போன்றவை பெரும்பாலும் வேலை செய்யாது, ஏனென்றால் அது இப்போது வாசல் இல்லை.

நான் பிரிட்ஜுக்குப் போனது வேறு காரணத்தால். வெளியூரிலிருந்து வீட்டுக் கணினிக்குள் வர எனக்குச் சொந்த விபிஎன் வேண்டியிருந்தது. இரண்டு பெட்டியிலும் வெளியிலிருந்து வர வழிவிடும் போர்ட்டைத் திறந்து திறந்து அலுத்துப்போயிற்று. ஆனால் அவசரப்பட்டேன். பிரிட்ஜ் என்ற பொத்தானை அழுத்திய பிறகுதான், பிபிபிஓஇ (இணைப்புக் கொடுப்பவரிடம் உள்நுழையும் முறை) கேட்கும் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் பழைய பெட்டிக்குள்ளேயே இருந்தன, நான் எங்கும் குறித்து வைக்கவில்லை என்பது உறைத்தது. அன்று மாலை முழுதும் இணையம் இல்லை. அம்மா போனை எடுத்து எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார்கள், டயல் டோன் வரவில்லை. மறுநாள் வாடிக்கையாளர் சேவையை மொபைலில் பிடித்து, விலான் எண்ணையும் (இணைப்புக் கொடுப்பவர் தன் வலையில் தடங்களைப் பிரிக்க வைக்கும் எண்) சேர்த்துக் கேட்டு வாங்கியபின்தான் எல்லாம் சரியாயிற்று. அப்புறமும் சில தளங்கள் திறந்தன, சில சுற்றிக்கொண்டே நின்றன. பிபிபிஓஇ 8 பைட்டை எடுத்துக்கொள்வதால் எம்டியூவை (ஒரு தகவல் பொதியின் அதிகபட்ச அளவு) 1500-லிருந்து 1492-ஆக்க வேண்டியிருந்தது.

நீயும் என்றாவது அந்த வழிக்குப் போவதாக இருந்தால், பழைய பெட்டியின் நிலைப் பக்கத்தில் வான் முகவரியை, அதாவது வெளிப்பக்க முகவரியைப் பார்த்துவிடு. அது 100.64-க்கும் 100.127-க்கும் நடுவில் தொடங்கினால், இணைப்புக் கொடுப்பவரே இன்னொரு நேட் வைத்திருக்கிறார் என்று பொருள். அப்போது பிரிட்ஜில் போட்டாலும் வெளியிலிருந்து உள்ளே வர முடியாது. பொது முகவரி வேண்டும் என்று அவரிடமே கேட்க வேண்டும். பிரிட்ஜில் இருக்கும் பெட்டியில் கணினியை நேராகச் சொருகி இணையத்துக்குப் போகாதே. காவல் முழுதும் ரவுட்டரிடம் போய்விட்டது, அதன் மென்பொருளைப் புதுப்பித்தே வைத்திரு.

டிரேஸ்ரூட்டின் முதல் மூன்று வரிகளை எனக்கு எழுதி அனுப்பு. மகள் வேலையில் சேருமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் பேசிக்கொண்டே மாற்றிவிடலாம். லேண்ட்லைனில் கூப்பிடாதே, மொபைலிலேயே கூப்பிடு. நடுவில் பெட்டியை அணைக்க வேண்டியிருக்கும். அம்மாவும் உன்னோடு பேச வேண்டுமாம்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்