கணவரையும் உள்ளே அழையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கர்ப்பிணிகளின் உணவு, ஓய்வு, பரிசோதனை பற்றித் தங்கள் இதழில் வருபவற்றை விடாமல் படிக்கிறேன். கணவருக்கு அவற்றில் கிடைப்பது 'அன்பாக, அனுசரணையாக இருங்கள்' என்ற ஒரே வரிதான். பெரும்பாலான கணவர்களுக்கு அன்பு இருக்கிறது. என்ன செய்வதென்றுதான் தெரிவதில்லை. சொல்லவும் யாரும் இல்லை.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லர். மனைவியின் ஒவ்வொரு பரிசோதனைக்கும் அரை ஷிப்ட் கூலியை விட்டுவிட்டுக் கூடவே போனேன். போய் வராந்தாவில் நின்றேன். ஆண்களுக்கு அனுமதியில்லை என்ற பலகைக்கு இந்தப் பக்கம் என்னைப்போல் பத்துப் பதினைந்து பேர், கையில் தண்ணீர் பாட்டிலும் பழைய ஸ்கேன் கவருமாக. சர்க்கரைப் பரிசோதனைக்கு 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்துவிட்டு அவள் இரண்டு மணி நேரம் உள்ளே காத்திருந்தாள். குமட்டுகிறது என்று போனில் சொன்னாள். வாந்தி வந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்கக்கூட எனக்கு ஆள் இல்லை.

அத்தனை மாதத்தில் ஒரே ஒரு முறை என்னை உள்ளே கூப்பிட்டார்கள். அவளுக்கு ஓ நெகட்டிவ். என் ரத்த வகை தெரிய வேண்டுமாம். ஊசி குத்தி ரத்தம் எடுத்ததும் வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். என் ரத்தம் பாசிட்டிவாக இருந்தால் குழந்தைக்கு என்ன ஆகலாம், அதற்காக அவளுக்கு, குழந்தையின் ரத்தத்தைத் தாயின் உடல் எதிர்க்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி எப்போது போட வேண்டும் என்பதையெல்லாம் பிறகு பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் அறிந்தேன்.

இன்னொன்றைச் சொல்ல இன்றும் மனம் நடுங்குகிறது. வளைகாப்பு முடிந்து அவள் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனபோது, பத்து நாள் முன்பு கலகலவென்று ஆடிய கண்ணாடி வளையல்கள் மணிக்கட்டில் இறுகிப் பதிந்திருந்தன. முகமும் உப்பியிருந்தது. "பிள்ளைத்தாய்ச்சிக்கு நீர் ஏறுவது சகஜம்" என்றார் அத்தை. தலை வலிக்கிறது என்றாள். தைலம் தேய்த்துவிட்டு ஊருக்குத் திரும்பினேன். இரண்டு நாள் கழித்துப் பரிசோதனையில் ரத்த அழுத்தம் 160/110. உடனே சேர்த்துக்கொண்டார்கள். தாயும் சேயும் பிழைத்தது எங்கள் புண்ணியம். முகமும் கையும் வீங்குவது, விடாத தலைவலி, கண் மங்குவது இவை ஆபத்தின் அறிகுறிகள் என்று யாராவது என்னிடம் ஒரு முறை சொல்லியிருந்தால் அந்த ஞாயிறே 108-ஐ அழைத்திருப்பேன். அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில், அந்தக் களைப்பில், உப்பைக் குறைக்கச் சொன்னது மட்டுமே அவள் நினைவில் நின்றது.

உள்ளே மற்ற பெண்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு மறைவு வேண்டும் என்பதை மதிக்கிறேன். அதற்கு ஒரு திரைச்சீலை போதாதா? கணவன் எதிரில் வாய் திறக்க முடியாத பெண்களும் உண்டு. ஆகவே முதலில் அவளைத் தனியாகப் பார்த்து, கணவர் வரலாமா என்று கேட்டுவிட்டே அழைக்கட்டும். பெண்ணின் விருப்பத்தையும் முடிவையும் மதித்து ஆண்களையும் இதில் ஈடுபடுத்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-லேயே பரிந்துரைத்திருக்கிறது.

விடுப்பு விஷயமும் இருக்கிறது. மத்திய அரசின் ஆண் ஊழியருக்கு மனைவியின் பிரசவத்தை ஒட்டி 15 நாள் விடுப்பு உண்டு. மகப்பேறு நலச் சட்டத்தை 2017-ல் திருத்தி, பெண்களுக்கு 26 வாரம் கொடுத்தார்கள், மிக நல்லது. அதில் தந்தைக்கு ஒரு நாள்கூட இல்லை. தைக்கும் உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் எங்களைப் போன்ற பீஸ் ரேட் தொழிலாளிகளை யார் நினைக்கப் போகிறார்கள்?

அரசு மருத்துவமனைகளில் மாதந்தோறும் 9-ஆம் தேதி கர்ப்பிணிகளுக்கென்று சிறப்புப் பரிசோதனை நடக்கிறது. அன்று வராந்தாவில் நிற்கும் ஆண்களை உட்காரவைத்து, ஒரு செவிலியர் தாய் சேய் நல அட்டையைப் பிரித்துக் கால் மணி நேரம் விளக்கினால் போதும். நாங்கள் எப்படியும் அங்கேதான் நிற்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருப்பூர்.