பாலத்துக்கு இந்தப் பக்கத்திலிருந்து

மண்டபம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். நீ அனுப்பிய பென்டிரைவில் இருந்த ஆங்கிலத் தொடரின் மூன்று பாகங்களையும் பார்த்து முடித்துவிட்டேன். "இப்படி ஒன்றைத்தான் நாங்கள் தமிழ்ப் பேய்ப்படங்களுக்குச் செய்கிறோம், பார்த்தால் என் வேலை என்னவென்று புரியும்" என்று துண்டுச் சீட்டில் எழுதியிருந்தாயே, அதனால் புரிந்துகொள்ளத்தான் உட்கார்ந்தேன். பேய்ப்படம் என்றாலே அடுப்படிக்குப் போய்விடும் உன் சித்தியும் துணைக்கு இருந்தாள்.

பேய்ப்படங்களின் வரலாற்றைச் சொல்லும் தொடர், 2010இல் இங்கிலாந்தின் பிபிசி ஃபோர் டிவியில் வந்ததாம். மார்க் கேட்டிஸ் என்ற நடிகர் தாமே முன்னால் நின்று கதை சொல்கிறார். சின்ன வயதில் பார்த்துப் பயந்த படங்களைப் பெரியவரான பிறகும் அதே ஆசையோடு பேசுகிற மனிதரைப் பார்க்கும்போது, நீ இந்த வேலைக்கு ஏன் போனாய் என்பது எனக்குக் கொஞ்சம் விளங்கியது. கொஞ்சம்தான். சித்திரை மாதம் நடந்த பேச்சை நான் இங்கே எடுக்கவில்லை.

முதல் பாகம்தான் எனக்குப் பிடித்தது. 1931இல் வந்த டிராகுலா படத்தில் முதல் வசனத்தைப் பேசிய கார்லா லெம்லி என்ற அம்மையார், நூறு வயதில் கேமரா முன்னால் உட்கார்ந்து அந்தக் காலத்தைச் சொல்கிறார். அவரை உயிரோடு இருக்கும்போதே தேடிப் பிடித்தார்களே, அதுதான் கெட்டிக்காரத்தனம். நீங்களும் முதலில் அதைச் செய்யுங்கள். டூரிங் டாக்கீஸ் ஓட்டியவர்கள், படப்பெட்டி தூக்கியவர்கள், டிக்கெட் கிழித்தவர்கள் என்று நம் பக்கத்தில் மிஞ்சியிருப்பவர்கள் எல்லாம் எழுபது, எண்பது வயதுக்காரர்கள். நடிகர்களும் இயக்குநர்களும் பேட்டி கொடுக்க எப்போதும் இருப்பார்கள். இவர்கள் இருக்க மாட்டார்கள்.

அதே பாகத்தில் 1925இல் வந்த 'ஃபாண்டம் ஆஃப் தி ஓபரா' படத்தின் லான் சேனியைப் பார்த்ததும், அவரைப் பற்றித் தனியாகத் தேடிப் படித்தேன். அந்தக் கோர முகத்தைத் தாமே ஒப்பனை செய்துகொண்டவர் அவர். தாய் தகப்பன் இருவருக்குமே காது கேட்காது. அவர்களிடம் கையாலும் முகத்தாலும் பேசி வளர்ந்த பிள்ளை என்பதால்தான் ஊமைப்படத்தில் ஒரு வார்த்தையும் இல்லாமல் அவ்வளவு சொல்ல முடிந்தது என்கிறார்கள். இதை வாசித்துக் காட்டியபோது உன் சித்தி, "நம்ம வீட்டில் எல்லாருக்கும் காது நல்லாத்தான் கேக்குது, போன் மணிதான் அடிக்க மாட்டேங்குது" என்றாள். அவள் சொன்னதை எழுதினேன், அவ்வளவுதான்.

இரண்டாம் பாகம் பெரும்பாலும் இங்கிலாந்தின் ஹேமர் நிறுவனத்தைப் பற்றியது. 1957இல் ஃபிராங்கன்ஸ்டைனையும் 1958இல் டிராகுலாவையும் கலரில் எடுத்து ரத்தத்தைச் சிவப்பாகவே காட்டிவிட்டார்கள். உன் சித்தி எழுந்து போய்விட்டாள். மூன்றாம் பாகத்தில் அமெரிக்காக்காரர்களின் கத்தியும் ரம்பமும். 1960இல் வந்த சைக்கோவின் குளியலறைக் காட்சியில் ஓடியது சாக்லேட் பாகு என்று அறிந்த பிறகும் எனக்கு அந்தக் காட்சி ஆறவில்லை. இவற்றை நீ இரவெல்லாம் எடிட்டிங் அறையில் தனியாக உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறாய் என்று நினைக்கும்போது வயிற்றைப் பிசைகிறது. பகலில் பார்க்கக் கூடாதா? ராத்திரி வேளையோடு சாப்பிட்டுவிட்டுத் தூங்கு. ஓட்டல் புரோட்டாவைத் தினமும் தின்னாதே.

மறுபடியும் 1931க்கு வருகிறேன், ஏனென்றால் சொல்ல வந்தது அங்கேதான் இருக்கிறது. ஃபிராங்கன்ஸ்டைன் படத்தின் தொடக்கப் பெயர்ப் பட்டியலில், விஞ்ஞானி பிணத்துண்டுகளைச் சேர்த்து உருவாக்கும் பிறவியாக நடித்த போரிஸ் கார்லாஃபின் பெயர் வர வேண்டிய இடத்தில் வெறும் கேள்விக்குறியைப் போட்டிருந்தார்கள். அதே படத்தில் ஏரிக்கரைக் காட்சி ஒன்று உண்டு: சின்னப் பெண் பூக்களைத் தண்ணீரில் போட்டு மிதக்கவிட, அந்தப் பிறவியும் போட்டு விளையாடி, பூ தீர்ந்ததும் பெண்ணும் மிதப்பாள் என்று நினைத்து அவளையே தூக்கிப் போட்டுவிடும். தணிக்கைக்காரர்கள் பல இடங்களில் கை நீளுகிற இடத்தோடு வெட்டிவிட்டார்கள். அடுத்து வருவது தகப்பன் பிள்ளையின் உடலைச் சுமந்து தெருவில் நடக்கிற காட்சி. இடையில் என்ன நடந்தது என்று காட்டாததால், பார்த்தவர்கள் நடந்ததைவிட மோசமானதையெல்லாம் நினைத்துக்கொண்டார்கள். வெட்டிய துண்டைப் பல வருடம் கழித்து 1980களில்தான் சேர்த்தார்களாம்.

எனக்கும் நடுவில் ஒரு துண்டு வெட்டுப்பட்டிருக்கிறது, தம்பி. போன மாதம் நீங்கள் கேமராவோடு தனுஷ்கோடிக்கு வந்து, இடிந்த தேவாலயத்தில் காலையிலிருந்து படம் பிடித்தீர்கள் என்று கேள்விப்பட்டேன். யார் சொன்னார்கள் என்று கேட்காதே. வேன் ஓட்டுகிறவர்கள் எல்லாம் நம் பிள்ளைகள்தான். நீ இளைத்துவிட்டாய் என்றும், தொப்பியை நெற்றி வரை இறக்கியிருந்தாய் என்றும், வைத்த டீயைக் குடிக்காமல் எழுந்து போனாய் என்றும் சொன்னார்கள். சென்னையிலிருந்து ரோட்டில் வந்தாலும் ரயிலில் வந்தாலும் மண்டபத்தைத் தாண்டாமல் பாம்பன் பாலம் ஏற முடியாது. திரும்பும்போதும் அப்படித்தான். உனக்கு வேலை நெருக்கடி இருந்திருக்கும். கூட வந்தவர்களை விட்டுவிட்டு வர முடிந்திருக்காது. இப்படி நானே ஒன்றன்பின் ஒன்றாக எழுதிப் பார்க்கிறேன்.

அந்தத் தேவாலயத்தைப் பற்றி வேறு ஒன்று சொல்ல வேண்டும். அதை உங்கள் தொடரின் தொடக்கக் காட்சிக்கு வைக்கப் போகிறீர்கள் என்றார்கள். வைக்காதே. 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் பாம்பனிலிருந்து போன ரயிலே ஆட்களோடு கடலுக்குள் போய்விட்டது. ரயில்வே குடியிருப்பில் இருந்த அத்தையைப் பற்றி உனக்குத் தெரியும். தாத்தா கடைசி வரை டிசம்பர் மாதத்தில் அந்தப் பக்கம் கால் வைக்கவில்லை. சுற்றுலா வருகிறவர்கள் பேய் நகரம் என்று சொல்லிப் படம் எடுத்துப் போவதைத் தடுக்க நம்மால் ஆகாது. உன் பெயர் போட்டு வருகிற படத்தில் அது வேண்டாம். அங்கே செத்தவர்கள் பேயாக வந்ததாக நம் வீட்டில் யாரும் சொன்னதில்லை.

பேய் வேண்டுமென்றால் சினிமாவிலேயே ஏராளம். 1963இல் ஸ்ரீதர் எடுத்த 'நெஞ்சம் மறப்பதில்லை'யில் நம்பியாருக்குப் போட்ட கிழட்டு ஜமீன்தார் வேஷத்தை விட்டுவிடாதீர்கள். அதற்கு ஒளிப்பதிவு செய்த வின்சென்ட்தான் மறுவருடம் மலையாளத்தில் 'பார்கவி நிலையம்' இயக்கினார். ஒரே ஆளின் வெளிச்சமும் நிழலும் இரண்டு மொழியில் பேய் வீட்டைக் கட்டியிருக்கின்றன. இந்த ஒன்றை வைத்தே ஒரு பாகம் செய்யலாம். சிரிப்புப் பேய்களுக்கு அதிக நேரம் ஒதுக்காதீர்கள், அவற்றை எல்லோரும் டிவியில் தினமும் பார்க்கிறார்கள்.

அப்புறம் 1978இன் 'ஜெகன்மோகினி'. அதை அப்பா நம் கொட்டகையில் ஓட்டியபோது நான் மணலில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஒரே புரொஜக்டர் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கைப் போடுவார்கள். முறுக்கும் கடலை மிட்டாயும் விற்பவர்கள் உள்ளே வந்துவிடுவார்கள். அடுப்பில் விறகுக்குப் பதிலாகப் பேய் தன் காலையே வைத்து எரிக்கிற காட்சியில் பெண்கள் பக்கம் முதலில் ஒரு கூச்சல், பிறகு ஒரே சிரிப்பு. அன்றைக்கு வாடைக்காற்று திரைத்துணியை உப்பிவிட்டதில் பேயின் கன்னம் ஒரு பக்கம் வீங்கி, மூக்கு காதுவரை இழுத்துக்கொண்டு போனது. சிரித்த பிள்ளைகள் எல்லாம் அப்போதுதான் அழுதார்கள். அப்பா ஓடிவந்து கயிற்றை இழுத்துக் கட்டினார். உங்கள் ஆங்கிலத் தொடரில் இப்படி ஒன்று கிடையாது.

அப்பா இருந்திருந்தால் உன் வேலையைப் பற்றி ஊர் முழுக்கச் சொல்லியிருப்பார். நானும் சொல்லியிருக்கிறேன், நீ கேட்டால் இல்லை என்பேன். என் பழைய பள்ளிக்கூடத்து டீச்சர்கள், படம் எப்போது டிவியில் வரும் என்று கேட்டபடி இருக்கிறார்கள். வங்கி வேலையை விட்டவன் என்று பேசியவர்களும் அதில் உண்டு.

கடைசியாக ஒரு காரியம். டிரங்குப் பெட்டியைச் சுத்தம் செய்தபோது அப்பாவின் கொட்டகைக் கணக்கு நோட்டுகள் கிடைத்தன. மதுரையிலிருந்து எந்தப் பெட்டி எந்தத் தேதியில் வந்தது, எத்தனை ரீல், தரை டிக்கெட் வசூல் எவ்வளவு, எந்த ராத்திரி மழையால் இரண்டாம் ஆட்டம் நின்றது என்று அவர் கையெழுத்திலேயே இருக்கிறது. பேய்ப்படங்களுக்கு எதிரே சிவப்பு மையில் ஒரு சுழி போட்டிருக்கிறார், ஏனென்று தெரியவில்லை. சினிமா படித்த உனக்குத் தெரியலாம். தாள் உப்புக்காற்றில் பொடிந்துபோய் இருப்பதால் கூரியரில் அனுப்ப மாட்டேன். போனில் படம் பிடித்தும் அனுப்ப மாட்டேன், எனக்கு அது சரியாக வராது. நீயே வந்து எடுத்துக்கொள். கூட வேலை செய்கிறவர்களையும் கூட்டி வா, எத்தனை பேர் என்று மட்டும் முதல் நாள் சொன்னால் மீன் வாங்கி வைக்க வசதியாக இருக்கும். வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
அம்மா