வால்பாறைக்கு ஒரு பாட்டுக் கணக்கு

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. போனில் பேசினால் பாதியிலேயே உன் குரல் அறுந்துபோகிறது, வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒற்றை டிக்கோடு நின்றுவிடுகிறது. சரி, நானும் பேப்பரிலேயே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். மாற்றல் ஆர்டர் வந்த அன்று என்ன அழுகை அழுதாய்! இப்போது குவார்ட்டர்ஸ் கூரையில் சோலைமந்தி ஓடுவதை ஒரு பக்கத்துக்கு வர்ணிக்கிறாய். மழைக்கு ஸ்வெட்டர் காயவே மாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தாயே, அடுப்புக்கு மேலே கொடி கட்டித் தொங்கவிடு. அதற்கு மேல் எனக்கும் வழி தெரியவில்லை.

இங்கே எல்லோரும் சுகம். சின்னவள் நாமக்கல்லில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள், தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். இவருக்கு முழங்கால் வலி பரவாயில்லை. வங்கியில் நகைக்கடன் கூட்டம் மட்டும் குறைந்தபாடில்லை.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பாட்டு ஆப்புக்கு ஒரு வருடச் சந்தா கட்டலாமா, வேண்டாமா? ஆழியாறு தாண்டி வளைவு ஏற ஆரம்பித்ததும் சிக்னல் போய்விடுகிறது, நாற்பது கொண்டை ஊசி வளைவையும் பாட்டில்லாமல் கடக்க முடியவில்லை, சந்தா கட்டினால் டவுன்லோடு செய்து வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். கேட்டது வங்கிக்காரியிடம், அதனால் முதலில் கணக்குத்தான் வரும், பொறுத்துக்கொள்.

2019இல் ஸ்பாட்டிஃபை என்ற பாட்டு ஆப் இந்தியாவுக்கு வந்தபோது மாதம் 119 ரூபாய். அதன் பிறகு ஏறியதே தவிர இறங்கவில்லை. பழைய விலையையே வைத்துக்கொண்டாலும் வருடத்துக்கு 1,428 ரூபாய். இன்னொரு பக்கம், 2012 டிசம்பரில் ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடை இங்கே திறந்தபோது ஒரு பாட்டு 7 ரூபாயிலிருந்து 15 ரூபாய்க்குள் விற்றது. 15 என்றே வைத்துக்கொள். ஒரு வருடச் சந்தாப் பணத்துக்கு 95 பாட்டுகள், சொந்தமாக.

இந்த 'சொந்தமாக' என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சந்தாவில் நீ டவுன்லோடு செய்வது உன் போனில்தான் இருக்கும், ஆனால் உன்னுடையது இல்லை. பூட்டுப் போட்ட கோப்பு அது. அந்த ஆப்பைத் தவிர வேறு எதிலும் திறக்காது. பென் டிரைவில் போட்டு உன் அண்ணன் காரில் பாட வைக்க முடியாது. ஸ்பாட்டிஃபையில் முப்பது நாளைக்கு ஒரு தடவையாவது நெட்டைத் தொட்டு, இவர் இன்னும் பணம் கட்டுகிறவர்தான் என்று ஆப் உறுதி செய்துகொள்ள வேண்டும். நீ சனிக்கிழமைதோறும் பொள்ளாச்சிக்கு இறங்குவதால் அது ஒரு தொந்தரவாக இருக்காது. ஆனால் சந்தா முடிந்துவிட்டால் ஏற்றி வைத்த பாட்டெல்லாம் அன்றோடு சரி. பத்து வருடம் கட்டினாலும் வாடகை வாடகைதான், வீடு நம் பேருக்கு வராது.

கட்டிக்கொண்டே இருந்தாலும் பாட்டு இருக்கும் என்று எழுதி வாங்க முடியாது. 2019 ஏப்ரலில் சரிகம நிறுவனம் ஸ்பாட்டிஃபை மேல் வழக்குப் போட்டு டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அவர்கள் பாட்டுகளையெல்லாம் ஸ்பாட்டிஃபை எடுத்துவிட்டது. இரண்டு பேரும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டது 2020 ஜூனில். அந்தக் கால எச்.எம்.வி.தான் இன்றைய சரிகம. நீ உயிரை விடும் சுசீலாவும் பி.பி. ஸ்ரீநிவாஸும் பெரும்பாலும் அவர்கள் பெட்டிக்குள்தான் இருக்கிறார்கள். அந்த ஒரு வருடம் நீ சந்தா கட்டியிருந்தால் யாருக்காகக் கட்டியிருப்பாய், சொல்?

ஆப்பே மூடிப்போவதும் உண்டு. ஏர்டெல்லின் விங்க் 2024இல் மூடப்பட்டது. அதற்கு வெகுநாள் முன்பு ஃப்ளிப்கார்ட் 'ஃப்ளைட்' என்று ஒரு பாட்டுக் கடை வைத்திருந்தது, உனக்கு நினைவிருக்கிறதா? 2012 பிப்ரவரியில் திறந்து 2013 ஜூனில் மூடிவிட்டார்கள். ஆனால் அங்கே விற்றது பூட்டில்லாத எம்பி3. என் தம்பி அப்போது வாங்கிய பாட்டுகள் இன்னும் அவன் கம்ப்யூட்டரில் இருக்கின்றன, கடை போய்ப் பத்து வருடத்துக்கு மேல் ஆன பிறகும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் நான் சொல்ல வருகிறேன்.

'பாடினவர்களுக்காவது காசு போய்ச் சேரட்டும்' என்று ஒரு வரி எழுதியிருந்தாய். நல்ல மனசு. ஆனால் நீ மாதம் முழுக்க சுசீலாவை மட்டும் கேட்டாலும் உன் சந்தாப் பணம் அப்படியே அந்தப் பாட்டுகளுக்குப் போகாது. எல்லோருடைய சந்தாவையும் ஒரே குவியலாகப் போட்டு, ஆப் கம்பெனி தன் பங்கை எடுத்துக்கொண்டு, மீதியை மொத்தத்தில் எந்தப் பாட்டு எத்தனை முறை ஓடியது என்ற விகிதப்படி பிரிப்பார்கள். அதுவும் முதலில் போவது உரிமை வைத்திருக்கும் கம்பெனிக்கு. 2012இல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியதால் கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு என்று ஆயிற்று, பாடகர்களும் 2013இல் தனியாக ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள். ஆக, ஏதோ போகிறது. ஆனால் சந்தா கட்டுவதற்கு அதை ஒரு காரணமாகச் சொல்லிக்கொள்ளாதே.

'அந்தக் காலப் பாட்டுதானே, இந்நேரம் எல்லாம் இலவசமாகியிருக்குமே' என்றும் கேட்டிருக்கிறாய். பாதி சரி. ஒலிப்பதிவுக்குக் காப்புரிமை, வெளியான மறு வருடத்திலிருந்து 60 வருடம்தான். ஆனால் வரிகளுக்கும் மெட்டுக்கும், எழுதியவர் காலமான பிறகும் 60 வருடம். கண்ணதாசன் மறைந்தது 1981இல், அவர் வரிகளுக்கு 2041 வரை உரிமை இருக்கிறது. எம்.எஸ்.வி.யின் மெட்டு இலவசமாகும்போது நீயும் நானும் இருக்க மாட்டோம்.

அப்புறம், என் மகளின் குடும்பக் கணக்கில் உன்னையும் சேர்க்க முடியுமா என்ற யோசனை. சில பேர் சேரலாம், ஆனால் எல்லோரும் ஒரே முகவரியில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஈரோட்டையும் வால்பாறையையும் ஒரே வீடு என்று எந்த ஊரில் நம்புவார்கள்?

இத்தனை சொல்லிவிட்டு, சந்தா வீண் என்று சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டில் சின்னவள் கட்டுகிறாள். அவளுக்கு அது முழுக்கத் தகும். நேற்று வந்த படம், மலையாளம், கொரியா என்று வாரம் ஒரு புதுப் பாட்டு வேண்டும், போன மாதப் பாட்டை இந்த மாதம் தொட மாட்டாள். அவள் ஒவ்வொன்றாக விலைக்கு வாங்கினால் சம்பளம் போதாது. நீ அப்படியா? ஹாஸ்டலில் இருந்தபோது கோவையில் கேசட் பதிந்து தரும் கடைக்கு நீ எழுதிக் கொடுத்த பட்டியல் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. தொண்ணூறு நிமிட கேசட், பக்கத்துக்குப் பத்துப் பாட்டு. அடுத்த கேசட்டுக்குப் புதுப் பட்டியல் எழுதச் சொன்னால் அதே பாட்டுகளை வரிசை மாற்றி எழுதினவள் நீ! இன்றைக்கும் கூட்டிக் கழித்தால் எண்பது பாட்டு தேறுமா?

அந்த எண்பதைக்கூட ஆப்பில் தேடிப் பிடிப்பது ஒரு பாடு. எல்லாம் ஆங்கில எழுத்தில் இருக்கும், 'கண்' என்பதை ஒருவர் ஒரு மாதிரி எழுதியிருப்பார், இன்னொருவர் வேறு மாதிரி. சுசீலா பெயரையே இரண்டு மூன்று விதமாகப் போட்டிருக்கிறார்கள். தேடினால் முதலில் வருவது யாரோ ஒரு பெண் கிட்டாரை வைத்துக்கொண்டு பாடிய மறுபதிப்பாக இருக்கும். அதற்குக் கீழே 'லோ-ஃபை' என்று பாட்டைத் தூங்க வைத்த ஒன்று. அசல் நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ இருக்கும். பாட்டு எழுதியவர் பெயர் பல இடத்தில் இருக்கவே இருக்காது. எனக்கு இதில் வருகிற எரிச்சல் சந்தாப் பணத்தால் வருவதில்லை.

அதனால் நீ இப்படிச் செய். வருடச் சலுகையைத் தொடாதே. ஒரே ஒரு மாதத்துக்குக் கட்டு. அந்த மாதம் நீயாகவே தேடிப்போய் புதிதாகப் பிடித்துக்கொண்ட பாட்டு எத்தனை என்று பார். பத்து, பதினைந்து வந்தால் தொடர்ந்து கட்டு, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். சுற்றிச் சுற்றி அதே எண்பதில் நின்றால் அவற்றை விலைக்கு வாங்கிவிடலாம். ஐடியூன்ஸ் கடையில் வாங்கும் பாட்டுக்கு 2009இலிருந்து பூட்டுக் கிடையாது, உன் ஆண்ட்ராய்டு போனிலும் பாடும். ஒரு பாட்டு எட்டு எம்பி என்றால் எண்பதும் சேர்ந்து ஒரு ஜிபிகூட ஆகாது. போனில் மூலையில் கிடந்துவிட்டுப் போகிறது.

குவார்ட்டர்ஸில் கேட்க மட்டும் என்றால் கார்வான் இருக்கிறது, எங்கள் மாமியாரிடம் உள்ள அந்தப் பழைய ரேடியோ மாதிரிப் பெட்டி. ஐயாயிரம் பாட்டுகளை உள்ளேயே ஏற்றித் தருகிறார்கள், நெட்டே வேண்டாம். வாங்கியபோது கிட்டத்தட்ட ஆறாயிரம் ஆயிற்று. ஆனால் அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வளைவு ஏறினால் கண்டக்டர் உனக்கு லக்கேஜ் டிக்கெட் போட்டுவிடுவார்.

ஒரு மாதம் கட்டும்போது கவனமாக இரு. முதல் மாதம் இலவசம் என்றாலும் யுபிஐயில் ஆட்டோபே, அதாவது மாதாமாதம் தானாகப் பணம் எடுத்துக்கொள்ள, அனுமதி கேட்பார்கள். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் தகவல் அனுப்ப வேண்டும் என்று 2021 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. ஆனால் அந்தத் தகவல் உன் மலைக்கு வந்து சேரும்போது பணம் போயிருக்கும். அதனால் கட்டின அன்றே யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பக்கத்துக்குப் போய் ரத்து செய்துவிடு. பணம் கட்டிய மாதம் முடியும்வரை பாட்டு ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை பொள்ளாச்சியில் ஒரு கல்யாணம், நானும் இவரும் வருகிறோம். வரும்போது சின்னவளின் லேப்டாப்பை எடுத்து வருகிறேன். நீ அந்த எண்பது பாட்டின் பட்டியலை எழுதிக்கொண்டு வா, தமிழிலேயே எழுது, ஆங்கில ஸ்பெல்லிங்கை நான் பார்த்துக்கொள்கிறேன். எஸ்டேட் டீத்தூள் அரைக் கிலோ மறக்காதே, போன தடவை கொண்டு வந்தாயே, அதே கடையில் வாங்கு.

அன்புடன்,
மல்லிகா
ஈரோடு