அத்தைக்கு எந்த அறை? பெரியப்பாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெரியப்பா,

பொங்கலுக்கு வந்தபோது உயில் நகலைப் படிக்கக் கொடுத்தீர்கள். திருப்பாதிரிப்புலியூர் வீடு இரண்டு மகன்களுக்கும் சமபாகம், "என் தங்கையை அவர்கள் கடைசிவரை வைத்துக் காப்பாற்ற வேண்டியது." அந்த 'வேண்டியது'தான் எனக்கு உறுத்துகிறது. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அத்தை மஞ்சக்குப்பம் கோர்ட்டில் போய் நிற்பார் என்று நினைக்கிறீர்களா?

அண்ணன்கள் நல்லவர்கள், அதில் சந்தேகமே இல்லை. என் அம்மா வழியில் ஒரு பெரிய பாட்டி நெல்லிக்குப்பத்தில் தம்பி வீட்டுப் பின்கட்டில் முப்பது வருஷம் இருந்தார், தம்பி பிள்ளைகளும் நல்லவர்கள்தான், ஒருவருக்குக் கடன் கழுத்தை நெரித்தது, வீடு கைமாறியது. அப்புறம் பாட்டி ஒரு டிரங்குப் பெட்டியோடு மூன்று மாதத்துக்கு ஒரு வீடு. எங்கள் வீட்டு முறை வரும்போது அந்தப் பெட்டியை முழுசாகத் திறக்கவே மாட்டார். மேலாக இருக்கும் இரண்டு புடவையையே மாற்றி மாற்றிக் கட்டிக்கொள்வார்.

அதனால்தான் டிரஸ்ட் என்று சொன்னேன், நீங்கள் சிரித்தீர்கள். டிரஸ்ட் என்றால் காலேஜும் கல்யாண மண்டபமும் மட்டுமல்ல. 1882ஆம் வருஷ இந்திய அறக்கட்டளைச் சட்டமே குடும்பத்துக்குள் வைத்துக்கொள்கிற இந்த மாதிரி தனியார் டிரஸ்டுக்காகப் போட்டதுதான். வீடு டிரஸ்டிகள், அதாவது அதைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்கிறவர்கள், பெயரில் நிற்கும், அத்தை ஆயுசுக்கும் அனுபவிப்பார், அவர் காலத்துக்குப் பிறகு அண்ணன்களுக்கு. இதே இது தாத்தா உயில் எழுதாமல் விட்டுப்போன வீடாக இருந்திருந்தால் அத்தைக்கே பங்கு உண்டு, இந்தக் கடிதத்துக்கே வேலையில்லை; நீங்கள் உங்கள் பி.எஃப். பணத்தில் கட்டியது என்பதால் எழுதுகிறேன்.

இப்போதே தனியாகப் பத்திரம் போட்டால் பதிவு செய்தே ஆக வேண்டும், ரத்து செய்யும் அதிகாரத்தை அதிலேயே எழுதி வைத்துக்கொள்ளாவிட்டால் பிறகு உங்கள் இஷ்டத்துக்கு மாற்றவும் முடியாது. உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுத்துவிடுகிற செட்டில்மெண்டும் அப்படித்தான், கொடுத்தது கொடுத்ததுதான். உயிலுக்குள்ளேயே டிரஸ்டை எழுதிவிடுங்கள். முத்திரைத்தாள் செலவு கிடையாது, இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். இரண்டு சாட்சி போதும். பதிவு கட்டாயமில்லை, ஆனால் செய்துவிடுவது நல்லது, நாளைக்கு யாரும் கையெழுத்தைச் சந்தேகப்பட வேண்டாம்.

டிரஸ்டியாகச் சின்ன அண்ணனும், வீட்டில் பங்கில்லாத ஒருவரும். யாரையும் கட்டாயப்படுத்தி டிரஸ்டியாக்க முடியாது, முதலில் கேட்டுவிடுங்கள். அவர்களுக்கு அடுத்து யார் என்பதையும் எழுதுங்கள்.

சரி, முக்கியமானதுக்கு வருகிறேன். 'வசிக்கலாம்' என்று மட்டும் எழுதினால் ஓடு யார் மாற்றுவது? 2011 டிசம்பர் 30 விடிகாலை 'தானே' புயல் அடித்தபோது பின்கட்டு ஓடு அத்தனையும் பறந்து, கரண்ட் இல்லாமல், அத்தை அரிசி டின் மேல் தார்ப்பாயைப் போட்டு அதன்மேல் தானே உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு நீங்கள் இருந்தீர்கள், மறுவாரமே ஆள் பிடித்தீர்கள். நாளைக்கு ஒரு அண்ணன் பஹ்ரைனில், இன்னொருவர் சென்னையில், ஆளுக்கு ஆள் 'அவன் பார்ப்பான்' என்பார்கள். வீட்டோடு சேர்த்து ஒரு எஃப்.டி.யும் டிரஸ்டுக்குள் போக வேண்டும்: வீட்டு வரி, கரண்ட் பில், ஓடு, மோட்டார் எல்லாம் அந்த வட்டியிலிருந்து. பணம் இல்லாத டிரஸ்ட் வெறும் காகிதம், பெரியப்பா.

இன்னொன்று, அத்தைக்கு முட்டிவலி. நாளைக்கு அந்த மூன்று படி ஏற முடியாமல் எங்கள் வீட்டுக்கோ ஒரு முதியோர் இல்லத்துக்கோ போக நேர்ந்தால், வீட்டை வாடகைக்கு விட்டு அந்தப் பணம் அத்தை செலவுக்கே போக வேண்டும் என்று ஒரு வரி. இந்த வரி இல்லையென்றால் 'அவங்கதான் இங்க இல்லையே' என்ற பேச்சு முதல் மாதமே கிளம்பும். அடமானம், விற்பனை எதுவும் அத்தை இருக்கும்வரை கூடாது என்பதும் அதற்குப் பக்கத்திலேயே.

வாசகத்தை நாமே எழுதிவிட வேண்டாம். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவில், ஒரு பெண்ணின் ஜீவனாம்ச உரிமைக்குப் பதிலாகக் கொடுத்த ஆயுட்கால உரிமை முழுச் சொந்தமாகவே மாறிவிடலாம். பெரிய அண்ணி பயப்படுவது இதற்குத்தான். ஒரு வக்கீலிடம் காட்டியே எழுதுவோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறேன். தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் எடுத்து வையுங்கள். அதற்குள் அத்தையிடம் பின்கட்டு போதுமா, முன் அறை வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். நாம் யாருமே இன்னும் கேட்கவில்லை.

அன்புடன்,
உங்கள் தம்பி மகள்