பலகாரத் தட்டைப் பிள்ளைகள் கையில் கொடுத்து அனுப்புவோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டிசம்பர் பிறந்துவிட்டால் சிங்கப்பூர் ஆர்ச்சர்ட் ரோட்டின் கிறிஸ்துமஸ் விளக்கலங்காரப் படங்கள் பத்திரிகைகளில் வந்துவிடும். 1984ல் அந்த அலங்காரம் தொடங்கிய வருஷமே அப்பா எங்களைக் கூட்டிப்போய்க் காட்டினார். இன்றும் ஆசையாகத்தான் பார்க்கிறேன். ஆனால் கிறிஸ்துமஸ் என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது தோ பாயோவில் நாங்கள் இருந்த மூவறை வீட்டுக் குசினியும் அச்சு முறுக்கு சுடும் அம்மாவின் பித்தளை அச்சும்தான்.

பள்ளி விடுமுறை என்பதால் பிள்ளைகள் எல்லோரும் வீட்டில் இருப்போம். அரிசி மாவு, தேங்காய்ப்பால், முட்டை, சீனி, கொஞ்சம் எள் சேர்த்து அம்மா கரைப்பார். அச்சை எண்ணெயில் நன்றாகக் காயவைத்து, மாவில் முக்கால்வாசி மட்டும் முக்க வேண்டும். மாவு விளிம்பைத் தாண்டி ஏறிவிட்டால் அச்சு முறுக்கு கழன்று வராது. பதமாக முக்கி லேசாக உதறினால் பூ மாதிரி எண்ணெயில் மிதக்கும். ஆறியதைக் கோங் குவான் பிஸ்கட் டின்னில் அடுக்குவது தம்பியின் வேலை. டிசம்பர் மழைக்கு, மூடியை அழுத்தி மூடாவிட்டால் மறுநாளே நமுத்துவிடும்.

24ஆம் தேதி இரவு ஓஃபிர் ரோடு லூர்து மாதா கோயிலில் நள்ளிரவுப் பூசை. தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக 1888ல் எழுப்பிய கோயில் அது. வீட்டுக்கு வந்து, குடிலில் குழந்தை இயேசுவை வைத்த பிறகுதான் தூக்கம்.

விடிந்ததும் எங்கள் முக்கியமான வேலை, அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் பலகாரத் தட்டு கொண்டுபோவது. அதே தாழ்வாரத்தில் ஒரு மலாய் மாக்சிக் (மலாயில் அத்தை மாதிரி மரியாதையாக அழைப்பது), ஒரு சீனப் பாட்டி. மாக்சிக் வீட்டுக்குப் போகும் முறுக்கு புது எண்ணெயில், இறைச்சியே படாத சட்டியில் சுட்டதாக இருக்கும். அம்மா இதை யாரிடமும் சொல்லிக் காட்டியதில்லை, அந்தச் சட்டியை மட்டும் தனியாக வைத்திருப்பார். தட்டைப் பார்த்ததும் மாக்சிக் "குவே லோயாங்!" என்று சிரிப்பார். லோயாங் என்றால் மலாயில் பித்தளை. நோன்புப் பெருநாளுக்கு அவரும் இதையேதான் சுடுவார். சீனப் புத்தாண்டுக்குப் பாட்டி வீட்டு மேசையிலும் இதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டுப் பலகாரம் அவர்கள் வீட்டுப் பலகாரமும்தான் என்று அந்த வயதில் தெரிந்தபோது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

தட்டு வெறுமனே திரும்பாது. மாக்சிக் சீனியோ நாலு முட்டையோ வைத்துத் தருவார். பாட்டி இரண்டு ஆரஞ்சை வைத்து இரண்டு கையாலும் நீட்டுவார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. ஆனாலும் என் பெயர் அவருக்குத் தெரியும்.

2020 கிறிஸ்துமஸுக்கு, ஒரு வீட்டுக்கு ஐந்து விருந்தாளிகளுக்கு மேல் வரக்கூடாது என்று கொரோனா கட்டுப்பாடு இருந்தது. பலகாரப் பையை அக்கம்பக்கத்துக் கேட்டில் மாட்டிவிட்டு, வாட்ஸ்அப்பில் வாழ்த்துச் சொல்லிவிட்டு வந்தேன். அப்போது அது சரி. கட்டுப்பாடெல்லாம் போய் இவ்வளவு நாளாகியும் பையை மாட்டிவிட்டு வரும் பழக்கம் மட்டும் போகவில்லை. நானும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். போன வருஷம் லிஃப்டில் நின்ற பக்கத்து வீட்டுச் சிறுவனின் பெயர் எனக்குத் தெரியவில்லை. மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

பலகாரம் கடையில் வாங்கியதாகவே இருக்கட்டும், வேலைக்குப் போகிறவர்கள் எல்லோராலும் சுட முடியாது. தட்டைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, கதவைத் தட்டச் சொல்லுங்கள் என்றுதான் வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். தீபாவளிக்கும் இதேதான். ஆசிரியரிடமும் ஒரு வேண்டுகோள்: விளக்கலங்காரப் படங்களோடு, வாசகர் வீட்டுக் குசினிகளுக்கும் இந்த மாதம் ஒரு பக்கம் கொடுங்கள்.

அம்மாவின் அச்சு இப்போது என்னிடம் இருக்கிறது. தம்பி மகளுக்கு ஏழு வயது. 25ஆம் தேதி காலை அவளோடு தாழ்வாரத்தில் நடக்கப் போகிறேன். முதல் வீடு, அந்தச் சிறுவன் வீடு.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தோ பாயோ