சொல்லிக்கொடுப்பவரின் ஷிஃப்டையும் கணக்கில் எடுங்கள்

அம்பத்தூர், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் தொழிற்சாலைகளின் மனிதவள மேலாளர்களுக்கு,

வணக்கம். டூல்ரூமிலும் (அச்சுகளும் கருவிகளும் செய்யும் பிரிவு), கணினிக் கட்டுப்பாட்டில் ஓடும் சிஎன்சி மெஷின் லைனிலும் பல வருடம் வேலை பார்த்தவன் நான். சீனியர்கள் புது ஆட்களுக்குக் கற்றுக்கொடுக்க நீங்கள் ஆர்வத்தோடு தொடங்கும் வழிகாட்டித் திட்டங்கள் சில மாதங்களிலேயே ஏன் படுத்துவிடுகின்றன என்று லைனில் நின்று பார்த்ததை உங்களிடம் சொல்ல வேண்டும்.

தொடக்க நாள் நன்றாகத்தான் நடக்கிறது. ஒரு சீனியர் ஆபரேட்டருக்கு இரண்டு ட்ரெய்னிகள் என்று பிரித்துக் கொடுக்கிறீர்கள். ஆனால் மறுநாள் காலை அந்த சீனியரின் டார்கெட் பழைய டார்கெட்தான். ஒரு பையனுக்கு டூல் ஆஃப்செட் (வெட்டும் கருவியின் நிலைக்கு மெஷினில் கொடுக்கும் அளவு) திருத்தக் கற்றுக்கொடுக்க மெஷினை நிறுத்த வேண்டும். அவனையே செட்டிங் போடவிட வேண்டும். முதல் பீஸ் ரிஜெக்ட் ஆனால், மைக்ரோமீட்டரைக் கையில் கொடுத்து ஏன் ஆனது என்று பேச வேண்டும். அந்த நேரமெல்லாம் ரிப்போர்ட்டில் மெஷின் சும்மா நின்ற நேரமாகப் பதிவாகிறது. மாதக் கடைசியில் இன்சென்டிவ் குறைவது சொல்லிக்கொடுத்தவருக்கு. இரண்டு மாதம் இப்படி இழந்தவர், அப்புறம் "ஓரமா நின்னு பாருப்பா" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் பழகுநர்களை எடுத்தாக வேண்டும். உதவித்தொகையில் ஒரு பகுதியை மத்திய அரசு ஏற்றுக்கொள்கிறது. பயிற்சியின் பொறுப்பில் தகுதியான ஆள் இருக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 11ஆம் பிரிவு சொல்கிறது. அந்த ஆளின் ஷிஃப்ட் நேரத்துக்கு உங்கள் பட்ஜெட்டில் என்ன ஒதுக்கியிருக்கிறீர்கள்?

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் 'ட்ரெயினிங் வித்தின் இண்டஸ்ட்ரி' என்ற திட்டம் நடந்தது. ஆளைத் தயார்படுத்து, செய்துகாட்டு, செய்யவிடு, தொடர்ந்து கவனி என்று கற்றுக்கொடுப்பதற்கு அதில் நான்கு படிகள். பின்னாளில் டொயோட்டாவும் இதை எடுத்துக்கொண்டது. நம் இடங்களில் நான்காவது படி நடப்பதே அபூர்வம். பையன் கொஞ்சம் தேறியதும், ஆள் குறைவாக இருக்கும் வேறு லைனுக்கு அனுப்பிவிடுகிறோம். யாரிடம் கற்றானோ அவர் பக்கத்தில் இல்லை.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதை யாரும் மீட்டிங்கில் வாய்விட்டுச் சொல்வதில்லை. "இவன் கற்றுக்கொண்டால் நாளைக்கு என் இடத்தில், என் சம்பளத்தில் பாதிக்கு இவன் நிற்பான்" என்ற பயம்தான் அது. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், கற்றுக்கொடுத்து முடித்த மூத்த ஆபரேட்டர்களை பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அதைப் பார்த்த மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். சுவர் மெல்லியதாக உள்ள புஷ்ஷை (குழாய் போன்ற பாகம்) மெஷினின் பிடிப்பானான சக்கில் எந்த அளவுக்கு இறுக்கினால், கழற்றியபின் வட்டம் கெடாமல் வரும் என்பதைக் கைதான் அறியும். எழுதிவைத்த வேலைமுறையான எந்த எஸ்.ஓ.பி.யும் அதை முழுதாகச் சொல்லிவிடாது. அப்படி அறிந்த கைகள் பயத்தில் மூடிக்கொண்டால், அந்த ஆபரேட்டர் ஓய்வுபெறும் நாளில் அந்த வித்தையும் கேட்டைத் தாண்டிப் போய்விடும்.

ஆகவே கற்றுக்கொடுக்கும் ஆபரேட்டரின் டார்கெட்டைக் குறையுங்கள், இன்சென்டிவில் கைவைக்காதீர்கள். கற்றுக்கொடுத்ததைக் காரணமாக வைத்து யாரையும் இடம் மாற்ற மாட்டோம் என்று எழுத்தில் கொடுங்கள். ட்ரெய்னியை ஒரே ஆளிடம் குறைந்தது ஒரு வருடமாவது விட்டுவையுங்கள். கற்றபின் சிலர் வேறு கம்பெனிக்குப் போகத்தான் செய்வார்கள், அந்த வருத்தம் எங்களுக்கும் உண்டு. சரி, அதற்காகக் கற்றுக்கொடுக்காமல் இருக்க முடியுமா? நல்ல பையன்களை நிரந்தரமாக்கினால் பலர் நிற்பார்கள்.

அடுத்த ஐ.டி.ஐ. பேட்ச் உள்ளே வருவதற்கு முன், பிளானிங் ஆட்களையும் சூப்பர்வைசர்களையும் ஒன்றாக உட்காரவைத்து ஷிஃப்ட் டார்கெட்டைத் திருத்துங்கள். அந்தக் கூட்டத்துக்குக் கற்றுக்கொடுக்கப்போகும் ஆபரேட்டர்களையும் கூப்பிடுங்கள்.

அன்புடன்,
ஒரு டூல்ரூம் தொழிலாளி