உடைஞ்ச அம்பை அடுப்புல வைக்காத மாப்ள

மாப்ள,

உன் லெட்டர் நேத்து சாயங்காலம் கெடச்சுது. ஏற்காட்டுல மழை விடவே மாட்டேங்குதுன்னு எழுதியிருந்த, இங்க சேலத்துல மேகம் வந்து சேர்வராயன் மலை மேல உக்காந்துக்குதே ஒழிய ஒரு சொட்டு கீழ எறங்கல. அம்மாவுக்கு முட்டி வலி கொறைஞ்சிருக்குன்னு படிச்சப்புறம்தான் எனக்கு நிம்மதி. பாப்பா நர்சிங் சேந்தது ரொம்ப சந்தோஷம்டா, ஹாஸ்டல் சாப்பாடு புடிக்கலைன்னா சனிக்கிழமையானா நம்ம வீட்டுக்கு வந்துடச் சொல்லு, உன் தங்கச்சி இப்பவே மெனு போட ஆரம்பிச்சுட்டா.

நீ எழுதுனதுல மனசு கஷ்டமாப் போனது அம்பு விஷயம்தான். பாதி செட்டு உடைஞ்சு போச்சு, மிச்சத்தையும் அடுப்புல வச்சுட்டு கார்பன் அம்பு வாங்கிடலாம்னு இருக்கேன்ங்கற. வேண்டாம்டா. அது போர்ட் ஆர்ஃபோர்ட் சிடார், அமெரிக்காவுல ஒரேகான் தெக்குப் பக்கமும் கலிஃபோர்னியா வடக்குப் பக்கமும்தான் தானா வளர்ற மரம், அதுலயும் வேர் அழுகல் நோய் வந்து நெறைய செத்துப்போச்சு. ஒரு அம்பு முன்னாடி மூணு இன்ச் உடைஞ்சா மிச்சம் இருபத்தஞ்சு இன்ச்சு நல்ல மரம்தானே, எறகு கூட அப்படியே இருக்கும், அதைப் போய் யாராவது எரிப்பாங்களா?

மொதல்ல உடைஞ்ச துண்டுங்களை வெளிச்சத்துல வச்சு நல்லா பாரு. ஒடைவு நீளமா சரிவா போயிருந்தா அது மரத்தோட ரேகை பக்கவாட்டுல வெளிய ஓடிப்போன ஷாஃப்ட் (அம்புத் தண்டு), வாங்கறப்பவே ஒதுக்கியிருக்கணும், ரேகை நுனியில இருந்து கடைசி வரைக்கும் நேரா ஓடணும். பாயிண்டுக்கு, அதான் நுனியில மாட்டற உலோக முனைக்கு, பின்னாடியே குட்டையா மட்டமா முறிஞ்சிருந்தா ரெண்டுல ஒண்ணு, ஒண்ணு கல்லுலயோ சில்வர் ஓக் மரத்துலயோ சாய்வா பட்டிருக்கும், இல்லன்னா பாயிண்ட் ஒட்டறப்ப மரம் வெந்திருக்கும். ஹாட் மெல்ட்டை (சூட்டுல உருகற பசை) வச்சு ஒட்டறப்ப தீயில காட்ட வேண்டியது பாயிண்டை மட்டும்தான், மரத்துல ஏத்தி வச்சுட்டு மறுபடி தீயில புடிச்சா பாயிண்டுக்கு உள்ள இருக்கற, கூம்பா சீவுன மரம் கருகி மொறுமொறுன்னு ஆயிடும், அப்புறம் லேசா பட்டாக்கூட அங்கயே போயிடும். அந்தக் கூம்பு 5 டிகிரி, நாக் (நாண் மாட்டற பின்முனை) பக்கம் 11 டிகிரி, ரெண்டையும் மாத்தி சீவிட்டா உள்ள காலி இடம் விழுந்து அதுவும் ஒடையும்.

நாக் எப்படி வச்சிருக்கன்னு பாரு. நாண் ரேகைக்கு குறுக்கால உக்காரணும், ரேகையோட சேந்து உக்காந்தா ஒவ்வொரு தடவை விடறப்பவும் விறகு பொளக்கற மாதிரி அம்பைப் பொளக்கும். பழைய ஆளுங்களுக்கு இது நல்லா தெரிஞ்சிருக்கு, 1545ல முழுகி 1982ல வெளிய எடுத்தாங்களே மேரி ரோஸ்னு ஒரு இங்கிலீஷ்காரன் போர்க்கப்பல், அதுல கெடச்ச அம்புங்கள்ல நாக் வெட்டுக்கு குறுக்கால கொம்புச் சில்லு சொருகி ஒட்டியிருக்கான். இன்னொண்ணு, ரேகை அங்கங்க கூரா முடியும் பாரு, மேல் பக்கம் இருக்கற அந்தக் கூர் முன்னாடி பாயிண்டைப் பாத்து இருக்கணும். அப்பதான் விடறப்ப ஒடைஞ்சாலும் சிலாம்பு மேல போகும், வில்லு புடிச்ச கைக்குள்ள ஏறாது.

சரி, ஒடைஞ்ச முன்பக்கத்துக்குப் பதிலா கெட்டி மரத்துல ஒட்டு போடறதுக்கு வரேன். ஒடைஞ்ச எடத்துல மட்டமா அறுத்துக்க. கடைசி 6 இன்ச்சை ரெண்டு பக்கமும் சீவி ஆப்பு மாதிரி கொண்டா, நுனியில ரம்பம் போன தடிமன்தான் இருக்கணும். தேக்கோ வேங்கையோ ஈட்டியோ ஏதோ ஒரு கெட்டி மரத்துல அரை இன்ச் சதுரத்துல ஒரு குச்சி, அதுல 6 இன்ச்சுக்கு நடுவுல ரம்பத்தால ஒரு வெட்டு, வெட்டு இல்லாத பாகம் காணாம போன நீளத்தை விட ஒரு இன்ச்சாவது கூட இருக்கட்டும். தேக்கும் ஈட்டியும் எண்ணெய் மரம், அதனால அசிட்டோன் போட்டு தொடைச்சுட்டு ஒடனே அரால்டைட் பசை தடவி ஆப்பை வெட்டுக்குள்ள மெதுவா தள்ளு, வாய் தானா வெலகிக் குடுக்கும். மேல சைக்கிள் ட்யூப்பை நாடாவா கிழிச்சு இழுத்து இழுத்து சுத்து, ஒரு கெளாம்பும் இவ்வளவு சமமா புடிக்காது, பசை ரெண்டு ஓரத்துலயும் பிதுங்கி வரணும். ஒரு நாள் முழுக்க தொடாத. அப்புறம் இழைப்புளியால நாலு மூலைய எட்டாக்கி எட்டை உருட்டி உப்புத்தாள் போட்டா வெள்ளை மரத்துக்குள்ள செவப்பா ரெண்டு நாக்கு நீளமா ஓடி கூரா முடியும் பாரு, அவ்வளவு அழகா இருக்கும்டா. முன்பாகம் புது அம்பை விட உறுதியாவும் இருக்கும். முன்பக்கம் வெயிட்டு ஏறும், அதனால செட்டுல ஒண்ணு ரெண்டுக்கு மட்டும் போடாத, எல்லாத்துக்கும் போட்டுடு. ஒட்டு போடறதை விட்டுட்டு சும்மா அறுத்துக் குட்டையாக்கலாம்னும் யோசிக்காத, ஒரு இன்ச் கொறைஞ்சா சுமாரா 5 பவுண்டு கூட இழுக்கற வில்லுக்கு ஏத்த மாதிரி வெறைப்பாயிடும், உன் வில்லுக்கு ஒத்துவராது.

நடுவுல ஒடைஞ்சது, எறகுகிட்ட ஒடைஞ்சது, இதுங்களை மட்டும் ஒட்டவே ஒட்டாத. ஒட்டு பிரிஞ்சா கைக்குள்ள ஏறும். லேசா கீறல் தெரியறதுக்கு ஃபெவிக்விக் ஊத்தி எய்யறதும் வேண்டாம். ஒவ்வொரு அம்பையும் எய்யறதுக்கு முன்னாடி ரெண்டு முனையும் புடிச்சு மொகத்துக்குத் தள்ளி வச்சு லேசா வளைச்சு, உருட்டி உருட்டி காது குடுத்துக் கேளு, டிக்குனு ஒரு சின்ன சத்தம் வந்தாக்கூட அது ஒதுங்கிடணும்.

உங்க ஊரு பனிக்கு வார்னிஷ் ரொம்ப முக்கியம், நாக் வெட்டுக்குள்ள, பாயிண்ட் கூம்புலன்னு வெட்டுவாய் எல்லாத்துலயும் போகணும், இல்லன்னா ஈரம் குடிச்சு வளைஞ்சு தொவண்டுடும். டார்கெட்டுக்கு நீ வச்சிருக்கற அந்தப் பலகை வேண்டவே வேண்டாம், இங்க சேலத்துல குகைங்கற ஏரியா தறிக்காரங்ககிட்ட வேஸ்ட் நூல் கேட்டு வச்சிருக்கேன், சாக்குல கெட்டியா திணிச்சா அம்பு மெத்துன்னு நிக்கும். புடுங்கறப்ப ஒரு கை சாக்குல, இன்னொரு கை சாக்கை ஒட்டி அம்புல, வந்த வழியிலயே நேரா இழு, ஆட்டாத. ஒரே புள்ளியில ரெண்டாவது அம்பு விடாத, ஆளுக்கு நாலு புள்ளி வரைஞ்சுக்கலாம்.

அடுத்த ஞாயிறு முதல் பஸ்ஸுல மேல வரேன். பழைய வாசக்கால் தேக்கு ஆசாரிகிட்ட கீறி வாங்கி வச்சிருக்கேன், இழைப்புளி, அரால்டைட் நான் கொண்டாரேன், நீ பழைய சைக்கிள் ட்யூப் ரெண்டு தேடி வை. ஒடைஞ்ச ஒவ்வொண்ணும் நாக் முனையில இருந்து எத்தனை இன்ச் மிச்சம்னு அளந்து போன்ல சொல்லிடு, குச்சியை அதுக்கேத்தாப்ல அறுத்து வைக்கணும்.